வாசல் விளக்கும் பாராட்டு மேடையும்

இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்க அமெரிக்காவில் 1938இல் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். ஆளுக்கொரு பத்து சென்ட் நாணயத்தை வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்றார் நகைச்சுவை நடிகர் எடி கேன்டர். அதிபரின் அஞ்சலறை கடிதக் குவியலில் திணறியது. அந்த நோயால் கால் முடங்கியவர் என்று உலகமே அறிந்த அந்த அதிபர் ரூஸ்வெல்ட் 1945இல் மறைந்தார். மறு ஆண்டே அதே பத்து சென்ட் நாணயத்தில் அவர் முகம் ஏறியது. பொருத்தமான மரியாதைதான், குறை சொல்லவில்லை.

1950 ஜனவரியில் அதே அமைப்புக்கு நிதி திரட்ட ஃபீனிக்ஸ் நகரத் தாய்மார்கள் இரவில் வீடு வீடாகப் படியேறினார்கள். கொடுக்க மனமுள்ளவர்கள் வாசல் விளக்கைப் போட்டு வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. (நம் ஊரென்றால் அன்றைக்குப் பார்த்து மின்வெட்டு வந்திருக்கும்.) அடுத்தடுத்த ஆண்டுகளில் நாடு முழுக்க இதே வசூல். அந்தப் பணத்தில்தான் 1954இல் தடுப்பூசிச் சோதனை நடந்தது. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு, 'போலியோ முன்னோடி' என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள். குத்தியதற்குக் குத்தல்.

1955 ஏப்ரல் 12. சோதனையின் வெற்றியை அறிவித்த மேடையில், தடுப்பூசியை உருவாக்கிய ஜோனாஸ் சால்க் பலருக்கும் நன்றி சொன்னார், கூடவே உழைத்த தன் ஆய்வகத்துச் சகாக்களைத் தவிர. அவர்களே விட்டுப்போன மேடையில் விளக்கு தேடி நடந்த அம்மாக்கள் எம்மாத்திரம்?

அடுத்த பாராட்டு விழாவுக்குப் பொன்னாடை வாங்கப் போகும் செயலாளர்களே, உண்டியல் தூக்கியவர்களின் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்கைக் கண்டதும் மறந்துபோகும்.