மாநிலத்துக்கு இரண்டு மதிப்பெண்

ஊரைப் பற்றிப் படிப்பதற்காகவே சிலருக்கு ஊர் சம்பளம் கொடுக்கிறது. அவர்கள் அந்த ஊரோடு மட்டும் பேசிவிடாதபடி ஒரு கணக்குப் போட வேண்டும் என்றால் சாதாரண மூளைக்கு முடியுமா? பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு முடிந்திருக்கிறது. 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், பேராசிரியர்களின் ஆய்வுக்கு மதிப்பெண் போடும் அட்டவணையைப் பாருங்கள். அழைப்பின் பேரில் வெளிநாடு போய் உரையாற்றினால் 7. உள்நாட்டில் நடக்கும் சர்வதேச அரங்கு என்றால் 5. தேசிய அளவில் 3. மாநில அளவில் பேசினால் 2. கோவில்பட்டி நூலகத்தில் ஒரு சாயங்காலம் நாற்பது பேர் முன்னால் சாதியின் வரலாற்றைச் சொல்லிவிட்டு வந்தால்? அதற்கு அந்த அட்டவணையில் வரியே கிடையாது. நாளிதழில் எழுதினாலும் அதே கதிதான். கேட்கிறவன் பக்கத்தில் வரவர மதிப்பெண் தேய்கிறது. நம் பேச்சு புரிந்து, எழுந்து நின்று கேள்வியும் கேட்டுவிடுவான் என்றால் சுத்தமாகப் பூஜ்யம்.

ஆனால் கலை, சமூக அறிவியல் துறைக்காரர் ‘பேப்பர் போட்டால்’ ஒன்றுக்கு 10. யார் படித்தார்கள் என்று எவரும் கேட்க மாட்டார்கள். சர்வதேச என்ற அடைமொழியோடு தொடங்கும் ஏதோ ஓர் இதழ். ஜிபேயில் பணம் போனால் வாரக் கடைசிக்குள் வாட்ஸ்ஆப்பில் சான்றிதழ் வந்துவிடும். 2018 மே மாதம் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் தூக்கியது. தூக்கியதற்குப் பாராட்டு. முதலில் உள்ளே விட்ட கை யாருடையது? அவற்றைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியவர்களின் சம்பளத்தையும் பட்டியலோடு சேர்த்துத் தூக்கினார்களா?

1997இல் தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ வந்தது. உப்பையும் தாலியையும் பல்லாங்குழியையும் வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் வரலாற்றை அந்தச் சமூகத்துக்கே புரியும்படி சொன்ன சின்னப் புத்தகம். பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர்களும் அதைப் படித்தார்கள், சண்டை போட்டார்கள், தங்கள் ஊர்க் கதையைச் சேர்த்துச் சொன்னார்கள். இன்றைய பதவி உயர்வுக் குழுவின் முன் அந்தக் கட்டுரைகளை வைத்தால், ஐ.எஸ்.எஸ்.என். எண் எங்கே, ஸ்கோபஸ் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவர் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 2020 நவம்பரில் ஒரு சாதனை செய்தது. காட்டுக்குள் மாவோயிஸ்டுகளோடு நடந்த கதையைச் சொல்லும் அருந்ததி ராயின் ‘வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்’ முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்தில் இருந்தது. மூன்றாண்டாக யாருக்கும் வலிக்கவில்லை. ஏ.பி.வி.பி. என்ற மாணவர் அமைப்பு ஒரு புகார் கொடுத்ததும் எல்லோருக்கும் ஒரே நாளில் வலித்துவிட்டது. புத்தகம் போனது, அந்த இடத்துக்கு மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வந்தன. கிருஷ்ணன் மேல் குற்றமில்லை, யானையைப் பற்றி அவரைப்போல் எழுத ஆள் கிடையாது. காட்டுக்குள் இருந்த மனிதர்களை வெளியேற்றிவிட்டுக் காட்டை மட்டும் வைத்துக்கொண்ட அந்த நேர்த்தியைத்தான் மெச்சுகிறேன். வனத்துறைகூட இவ்வளவு சுருக்காக வேலை செய்ததில்லை.

ஏன் ஐயா வாயைத் திறப்பதில்லை என்று பேராசிரியர்களைக் கேட்டால் 1973ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளைக் காட்டுகிறார்கள். அந்த விதி சால்வையைத் தடுப்பதில்லை. அமைச்சர் வரும்போது வாசலில் வரிசைகட்டி நிற்பதையும், ஆட்சி மாறிய மறுவாரமே ஆய்வுத் தலைப்பு மாறுவதையும் தடுப்பதில்லை. நிரந்தர வேலையும் ஏழாவது ஊதியக் குழுச் சம்பளமும் உள்ளவருக்குத் தொண்டை அடைக்கிறது. அதே கல்லூரியில் சொற்பத் தொகுப்பூதியத்துக்கு உழைக்கும் கௌரவ விரிவுரையாளர்தான் தெருவில் பதாகை பிடித்து நிற்கிறார்.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லவில்லை. 2025 மே மாதம் ஹரியானாவின் சோனிபட்டில் இருக்கும் அசோகா பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் பேராசிரியர் அலி கான் மஹ்மூதாபாத் ஃபேஸ்புக்கில் எழுதினார், கைதானார். அவர் எழுதியது பல்கலைக்கழகத்தின் கருத்தல்ல என்று நிர்வாகம் முந்திக்கொண்டு அறிக்கை விட்டது. இடைக்கால ஜாமீன் கொடுத்த உச்ச நீதிமன்றம், அவருடைய வாசகங்களின் பொருளை ஆராய மூன்று ஐ.பி.எஸ். அதிகாரிகளை நியமிக்கச் சொன்னது. ஒரு சமூக அறிவியலாளரின் எழுத்தை மூன்று பேர் வரிவரியாகப் படிப்பது இந்த நாட்டில் எவ்வளவு அபூர்வம்! பிறகு ஜூலையில், உங்களுக்கு வேண்டியது அவரல்ல, அகராதி என்று அந்தக் குழுவுக்கே நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 2025 ஜனவரியில், அதே ஊர் தலித் இளைஞர்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை என்றது சிபிசிஐடி. தனியாளாகச் சில பேராசிரியர்கள் பேசினார்கள். எந்தச் சமூகவியல் துறையாவது, துறையாக நின்று, இப்படி ஓர் ஊரை எப்படிப் புரிந்துகொள்வது என்று மக்களுக்குத் தமிழில் நான்கு பக்கம் எழுதியதா? எழுதுவார்கள், அவசரம் வேண்டாம். எல்லாம் ஆறிய பிறகு ‘நீர், உடல், அதிகாரம்: பின்நவீன வாசிப்புகள்’ என்று இரண்டு நாள் கருத்தரங்கு வரும். பதிவுக் கட்டணம் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, ஆங்கிலத்தில் தலைமையுரை உண்டு. வேங்கைவயலிலிருந்து ஒருவரையும் அழைக்க மாட்டார்கள். தரவை மேடையேற்றும் வழக்கம் நம் துறைகளில் இல்லை.