தகடு தட்டுமுன் வாயைத் திற

பேராண்டி, கொத்து ரொட்டியை விட்டுடுன்னு நான் சொல்லவே மாட்டேன். சொன்னாலும் நீ விடப்போறதில்ல. என் வார்த்தையை எதுக்கு வீணாக்கணும்? மாத்தளை டவுன்ல பொழுது சாஞ்சா எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த டக்கடக்கச் சத்தம். முத்துமாரியம்மன் கோயில் மணிக்குக் கும்பிட எழும்பாத கை, இந்தச் சத்தத்துக்குத் தானாப் பர்ஸைத் தேடுதே! ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. உங்களை மாதிரிப் பிள்ளைகளோட அவளுக்கும் பழகிப்போச்சு.

ஒண்ணு மட்டும் சொல்றேன். கம்பனிக் கடைப் பொரிச்ச கோழிக்கு உப்பு எவ்வளவு, மாவு எவ்வளவுன்னு எங்கேயோ யாரோ முடிவு பண்ணியாச்சு. கொத்து அப்படியா? உன் கண்ணு முன்னால, உனக்காகவே கொத்துறாங்க. கல்லுல தகடு விழுறதுக்கு முன்னால, "நானா, எண்ணெய் கொஞ்சமா விடுங்க, ரொட்டியைக் குறைச்சு மரக்கறியை அள்ளிப் போடுங்க, குழம்பு மேலால ஊத்த வேணாம்"னு சொன்னா அந்த மனுசன் அடிக்கவா போறாரு? கையில ரெண்டு தகடு இருக்கேன்னு பயப்படாத, அது ரொட்டிக்கு.

நம்ம மாவட்டத்துத் தம்புள்ளைச் சந்தையில இருந்துதான் நாட்டுக்கே மரக்கறி போகுது. ஏ9 ரோட்டுல லொறி லொறியா உன் மூக்குக்கு முன்னால போகுது. உன் பார்சல்ல மட்டும் கரட் ஒரு துண்டு, கோவா ரெண்டு இணுக்கு. சீஸ் கொத்துதான் வேணுமா? தின்னு, ஒரு பார்சலை ரெண்டு பேராத் தின்னு. சிநேகிதன் எதுக்கு இருக்கான், பில் கட்ட மட்டுமா?

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவா உப்புப் போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அது தேக்கரண்டி ஒண்ணு. ரொட்டியில உப்பு, குழம்புல உப்பு, சோயா சோஸ்ல உப்பு. அதுக்கு மேலயும் நீ உப்புச் சீசாவைத் தேடுற. உப்பிட்டவரை நினைக்கச் சொன்னாங்க ராசா, உப்பைக் கொட்டிக்கச் சொல்லல.

அடுத்தது சோடா. 2016 ஓகஸ்ட் 1இல இருந்து போத்தல்ல நிறம் போட வச்சது அரசாங்கம். அப்ப வச்ச கணக்குப்படி, 100 மில்லிலீட்டர்ல சீனி 11 கிராமுக்கு மேலன்னா சிவப்பு, 2இல இருந்து 11 வரைக்கும் செம்மஞ்சள், அதுக்குக் கீழ பச்சை. சிவப்புப் போத்தல்ல 400 மில்லி குடிச்சா 44 கிராமுக்கு மேல சீனி. பாட்டி பிளேன்டீக்கு ஒரு கரண்டி சீனி கேட்டா "சுகர் வரும்"னு பிரசங்கம் வைக்கிற வாய்தானே அது?

தேத்தண்ணிக் கடையில ரோல்ஸ், பெட்டிஸ், வடைன்னு தட்டு நிறைய அப்படியே மேசையில வச்சிட்டுப் போவாங்க. தின்னதுக்கு மட்டும் கணக்கு. உன்மேல என்ன நம்பிக்கை! அதைக் காப்பாத்தணும்னு தட்டைக் காலி பண்ணாத. ஒண்ணை எடுத்ததும், "அண்ணே, தட்டைக் கொண்டு போங்க"ன்னு சொல்லு. தட்டு முன்னால இருக்கிற வரைக்கும் பேச்சு வாயில, கை வடையில.

கேக்கக் கூச்சமா இருக்கா? கேக்கிறதுக்குக் காசில்ல. கூச்சத்துக்குத்தான் பில் வரும், அதுவும் கடையில இல்ல, ஆஸ்பத்திரியில, மாசா மாசம் கிளினிக் கொப்பியோட. அந்த வரிசையில எனக்கு முன்னால நீ நிக்கிறது மரியாதை இல்ல, சொல்லிட்டேன்.