முப்பதாவது பிறந்தநாளுக்கு முன்னால்

கேள்வி: மகனுக்கு 29 வயது. சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை, திருமணம் ஆகவில்லை. கனடாவுக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா, இன்னும் அனுபவம் சேரட்டுமா? (வாசகி, சேலையூர்)

பதில்: பொண்ணு பார்க்கும்போதுகூட ஒரு வயதைக் குறைத்துச் சொல்லலாம், கனடாக்காரர்களிடம் அது நடக்காது! 1967-லேயே மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். 2015 முதல் நடைமுறையில் உள்ள எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற விண்ணப்ப முறையில் மொத்தம் 1,200 மதிப்பெண். மணமாகாதவருக்கு 29 வயதுவரை வயதுக்கு மட்டும் 110. முப்பது பிறந்த அன்றே 105. நாற்பதில் 50, நாற்பத்தைந்தில் பூஜ்யம். எனவே தள்ளிப்போட வேண்டாம்.

அதைவிட முக்கியம் ஆங்கிலத் தேர்வு. ஐஇஎல்டிஎஸ்ஸில் படிக்க, எழுத, பேச ஒவ்வொன்றிலும் 7 வாங்கியவர், காதால் கேட்கும் பகுதியில் 7.5-ல் நின்றுவிடுகிறார் என்று வையுங்கள். அந்த அரை மதிப்பெண்ணை ஏற்றி 8 ஆக்கினால், மொழிக்கு 8 கூடும். மூன்று வருட வெளிநாட்டு (கனடாவுக்கு நம்மூர்தான் வெளிநாடு) அனுபவமும் இருந்தால் அதற்கு இன்னொரு 25. ஆக 33! இரண்டு மாதம் உட்கார்ந்து பயிற்சி எடுப்பது வீண்போகாது.

வேலை வாய்ப்புக் கடிதத்துக்குத் தந்துவந்த மதிப்பெண்ணை 2025 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள். அதைக் காட்டி யாராவது லட்சங்கள் கேட்டால், வாசலோடு அனுப்பிவிடுங்கள். காவல்துறைச் சான்றுக்குத் தாம்பரம் பாஸ்போர்ட் சேவா மையமே போதும். சுயவிவரம் பதிய கனடா அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை. மகனையே உட்கார்ந்து நிரப்பச் சொல்லுங்கள்.