கம்பளிக்குள் நுழையத் தெரியுமா?

கேள்வி: மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகிறேன். தங்க இடம் தேடுவதை நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு மாணவி, மன்னவனூர்

பதில்: குளிர் மலையூரான மன்னவனூர்க்காரர் நடுங்கலாமா? 1914-ல் கேம்பிரிட்ஜ் போன கணிதமேதை ராமானுஜனே முதலில் சில வாரம் நெவில் என்ற கணித அறிஞர் வீட்டில்தான் தங்கினார். பிறகுதான் டிரினிட்டி கல்லூரியில் அறை கிடைத்தது. அங்கே கட்டிலில் விரித்திருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து தூங்க வேண்டும் என்று தெரியாமல், மேலேயே படுத்துக் குளிரில் வாடினார். நுழையக் கற்றுக்கொடுத்தவர் நண்பர் மகலனோபிஸ். செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர்க்காரரான உங்களுக்குக் கம்பளிப் பாடம் தேவையில்லை!

முதல் வருடம் பல்கலைக்கழக விடுதிக்கே விண்ணப்பியுங்கள். தனியார் வீடு என்றால் படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். ஆட்டைப் பார்க்காமல் விலை பேசுவோமா? அங்கே முன்பணம் பொதுவாக 5 வார வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். இதைச் சென்னை வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். 10 மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகியவர், மயங்கி விழுந்துவிடுவார்!