ஐந்து நிமிட சாலட்

நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்தது என்று காலமெல்லாம் காளானை ஏளனம் செய்த குடும்பம் எங்களுடையது. அதே காளானை, பட்டன் காளான் என்ற பெயரில், 200 கிராம் பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்கி, சாலட் செய்யக் கிளம்பினேன். ஐந்தே நிமிட வேலை என்றார்கள். தண்ணீரில் ஊறவிடக் கூடாது, ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும் என்பதை அந்த ஐந்து நிமிடத்தில் சேர்க்கவில்லை. பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல் துடைத்தேன். அரை மணி நேரம். காளானே 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அதற்குப் போய் இவ்வளவு தண்ணீர் பயம்!

அடுத்து டிரெஸ்ஸிங். பட்டன் இருக்கிறது, டிரெஸ்ஸிங்கும் ஆகிறது, சட்டைதான் பாக்கி. ஆலிவ் எண்ணெய் விலையைப் பார்த்துவிட்டு நல்லெண்ணெய்க்கே திரும்பினேன். மூன்று பங்கு எண்ணெய், ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகுத்தூள், தட்டிய பூண்டு. எண்ணெயும் சாறும் தேர்தல் கூட்டணி மாதிரி. கலக்கும்வரை ஒன்று, கரண்டியை எடுத்தால் தனித்தனி. நடுவில் அரைத்த கடுகு அரை ஸ்பூன் போய்ப் பேசினால்தான் கொஞ்ச நேரம் ஒட்டி நிற்கும்.

காளானைப் பச்சையாகத் தின்ன மனம் வரவில்லை. வாணலியில் நன்றாகப் புரட்டி, வெள்ளரி, வெங்காயத்தோடு கலந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். “என்னடா, தாளிக்க மறந்துட்டியா?” நான் வாய் திறப்பதற்குள் கடுகும் கறிவேப்பிலையும் பொரிந்து கிண்ணத்தில் விழுந்தன.

இரவுச் சாப்பாடு சாலட்தான் என்று வெளியே சொல்லிக்கொள்கிறோம். தொட்டுக்கொள்ள ரசஞ்சோறு இருந்தது.