மாடிப்படி ஏறிய அக்காக்கள்

எழுபதுகளில் கடைத்தெருப் பக்கம் வளர்ந்தவர் என்றால் உங்கள் காதிலும் அந்தச் சத்தம் இன்னும் இருக்கும். மருந்துக்கடைக்கோ துணிக்கடைக்கோ மேலே, குறுகலான படியேறிப் போனால் வரிசையாய் ரெமிங்டன் மிஷின்கள் தடதடக்க, வரி முடியும்போதெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி அடிக்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, வரன் அமையும்வரை வீட்டோடு இருந்த அக்காக்கள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு சாயங்கால வகுப்புக்குக் கிளம்புவார்கள். துணைக்கு என்னைப்போல் ஒரு தம்பி. அக்கா அடித்துத் தள்ளிய 'ஏ எஸ் டி எஃப்' தாள்களின் பின்பக்கம் படம் வரைந்தபடி படியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஒரு மணி நேரம் முழுக்க அவர்களுடையது. ரிப்பன் மை ஒட்டிய விரல்களோடு, தோழிகளுடன் சிரித்துப் பேசி, கோயில் தெருவைச் சுற்றிக்கொண்டு அவசரமில்லாமல் வீடு திரும்பியதில் எத்தனை சந்தோஷம் இருந்தது என்பது, கைபேசியில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்கும் பேத்தியிடம் அக்கா இப்போது சொல்லக் கேட்கும்போதுதான் எனக்கு முழுதாகப் புரிகிறது. பரீட்சைக்கு மிஷின்களையே வண்டியில் ஏற்றி மையத்துக்குக் கொண்டுபோவார்கள்; பழகிய மிஷினில்தான் கை ஓடும். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. நடத்தியது அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை. அந்தச் சான்றிதழ்தான் அக்காவை அரசு அலுவலகத்தில் உட்காரவைத்தது. இன்று ஓய்வூதியமும் தருகிறது.

கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து லலிதா, தெரேசியா, லீலம்மா என்ற மூன்று பெண்கள் 1940களிலேயே பொறியாளராகிவிட்டார்கள். ஆனாலும் எங்கள் தெருப் பெண்களுக்குத் தொழிற்கல்வி என்றால் டைப்பும் தையலும்தான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர் எல்லாம் பையன்களுக்கு. எண்ணெய்க் கறையும் காக்கிச் சட்டையும் பெண்ணுக்கு ஆகாது என்று பெரியவர்கள் தீர்மானித்திருந்தார்கள்; அக்காவுக்குச் சைக்கிள் செயினையே கழற்றி மாட்டத் தெரியும் என்பதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

அக்காவின் பேத்தி இன்று ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ சேரும் பெண்ணுக்கும் 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் மின்னணுத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். மனம் நிறைகிறது, கூடவே ஒரு கவலையும் வருகிறது. ஷிஃப்ட் முழுக்க ஒரே திருகை முடுக்கிவிட்டு விடுதி அறைக்குத் திரும்பும் பெண்ணுக்குக் கோயில் தெருவைச் சுற்றிவர நேரமில்லை, முழுத் தொழிலும் கைக்கு வருவதில்லை. சம்பளம் வேண்டியதுதான். ஆனால் மோட்டாரைப் பிரித்துக் காயில் கட்டத் தெரிந்தவளை அத்தனை சுலபமாக வேலையைவிட்டு அனுப்ப முடியாது.

உங்கள் வீட்டில் பத்தாவது முடித்த பெண் இருந்தால், விண்ணப்பத்தில் தையலையோ கம்ப்யூட்டரையோ நீங்களாக எழுதிவிடாதீர்கள். ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் எல்லாம் இருக்கும் முழுப் பட்டியலையும் அவள் கையில் கொடுங்கள். அவளே தேர்ந்தெடுக்கட்டும்.