பெருக்கல் அண்ணன்

"சும்மா கணக்குப் போட்டுப் பாரு தம்பி" என்று அண்ணன் தொடங்கினால் எழுந்து போக இனி வழியில்லை. மாமாக் கடை ரசீதைக் குப்புறப் போட்டாகிவிட்டது. பேனாவும் சட்டைப் பையிலிருந்து வந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு மலிவு விலையில் சாப்பாட்டுப் பொட்டலம், தங்கும் விடுதி வாசலுக்கே. பொட்டலம் 5 வெள்ளி. அதில் லாபம் ஒரே ஒரு வெள்ளிதான்; பேராசை கூடாது, பிள்ளைகள் பாவம். 1,000 பிள்ளைகள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. மாதம் 30 நாள். ஆக மொத்தம் 60,000 வெள்ளி. அந்தத் தொகையைப் பார்த்து அவரே கொஞ்சம் ஆடிப்போய், "சரி, பாதின்னே வச்சுக்குவோம்" என்று பெருந்தன்மையோடு 30,000க்கு இறங்கி வருவார். கேட்பவருக்கு அது கழித்தல் போலத் தோன்றும். உண்மையில் அது வகுத்தல். கழித்தல் என்று ஒன்று அவருடைய கணக்கில் கிடையாது. தே தாரேக் ஆறுவதற்குள் 30,000ஐ 12ஆல் பெருக்கி, புஞ்சாக் அலாமில் ஒரு கிளையும் ஷா ஆலமில் ஒரு கிளையும் திறந்து, கிள்ளானில் இன்னொரு கிளையை மச்சானிடம் ஒப்படைத்திருப்பார். கடையின் பெயர், சின்னம், வாட்சாப் குழு எல்லாம் போன மாதமே தயார். அரிசிதான் இன்னும் வாங்கவில்லை.

இவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. சோம்பேறி என்றும் சொல்ல முடியாது; இவ்வளவு பெருக்குவதற்கே உடம்பில் தெம்பு வேண்டும். சுங்கை பூலோவைச் சுற்றிப் பார்க்கிற யாருக்கும் இந்த ஆசை வரத்தான் செய்யும். 1930இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்புக்கும் பூச்செடி நாற்றங்கால்களுக்கும் பேர்போன ஊர் இது. அந்தக் குடியிருப்பின் ஒரு பகுதியை 2007இல் இடித்துத்தான் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு இடம் விட்டார்கள். இன்று மருத்துவமும் பல் மருத்துவமும் படிக்கிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அருகிலேயே பெரிய அரசாங்க மருத்துவமனை. 2016 டிசம்பரில் எம்ஆர்டி ரயிலும் வந்துவிட்டது. படிக்கிற பிள்ளை இருக்கிற இடத்தில் பசி இருக்கும்; பிடிபிடிஎன் கல்விக் கடன் பணம் கைக்கு வந்த வாரத்தில் கோழியும், தவணைக் கடைசியில் மேகி மீயுமாக அந்தப் பசி ஓடும். ஆகவே தேவை கற்பனையல்ல. அண்ணனின் தவறு ஒன்றே ஒன்றுதான். மலிவுச் சாப்பாடு என்பது கழித்தலால் பிழைக்கிற தொழில். அதைப் பெருக்கலால் நடத்திவிடலாம் என்று அவர் நினைக்கிறார்.

முதலில் அந்த 30 நாளையே எடுத்துக்கொள்வோம். சனி ஞாயிறில் பாதி விடுதி ஊருக்குப் பஸ் ஏறிவிடும். முழுதாக மிஞ்சுவது 22 நாள். தவணை விடுமுறை வந்தால் அந்த 22ம் இல்லை. நோன்பு மாதத்தில் பகல் பொட்டலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாலையில் ரமலான் சந்தையோடு மோத வேண்டும், அங்கே தோற்காதவர் யாரும் இல்லை. அடுத்து, அந்த 1,000 பேர். மாரா, பூமிபுத்ரா மாணவர்களுக்கான பல்கலைக்கழகம்; பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள். ஹலால் முத்திரையைச் சட்டம் கட்டாயமாக்கவில்லைதான், ஆனால் சாப்பிடுகிறவர் மனம் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. முகம் தெரியாத ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து வருகிற குழம்பை அந்தப் பிள்ளை ஏன் நம்பி வாங்க வேண்டும்? "சைவம் போட்டுட்டா பிரச்னையே இல்ல தம்பி" என்பார் அண்ணன். சரி, திங்கட்கிழமை சாம்பார். செவ்வாயும் சாம்பார். புதன்கிழமை விடுதி வாசலில் அவரும் பொட்டலங்களும் மட்டும் நிற்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. இரவில் பத்துப் பேர் "வேண்டும்" என்று செய்தி அனுப்பி, மறுநாள் மழை பெய்தால் ஆறு பேர் பதிலே போடாமல் இருப்பது அந்த வயதின் இயல்பு. விற்காத பொட்டலம் ஒவ்வொன்றும் விற்ற நான்கு பொட்டலங்களின் லாபத்தைத் தின்றுவிடும். இது அண்ணனின் ரசீதில் எங்கேயும் இல்லை.

இனி அந்த 5 வெள்ளி. உள்ளூர் வெள்ளை அரிசி கட்டுப்பாட்டு விலையில் 10 கிலோ 26 வெள்ளி. ஒரு கிலோவில் ஏழெட்டுப் பேர் சாப்பிடலாம் என்றால் ஆளுக்கு 35 காசு. அண்ணன் இந்த இடத்தில் ஆனந்தமாகக் கணக்கை நிறுத்திவிடுவார்; அவரைப் பொறுத்தவரை சோறுதான் சாப்பாடு. கோழியின் விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பர் முதல் தேதியோடு போய்விட்டது. அதன் பிறகு கோழி சந்தை சொல்கிற விலைக்குத்தான் வரும். எண்ணெய், வெங்காயம், தேங்காய்ப்பால், பெட்டி, கரண்டி, சம்பால் கட்டுகிற சின்னப் பை, மோட்டாருக்கு எண்ணெய் என்று ஒவ்வொன்றும் பத்துக் காசு, இருபது காசாகக் கிள்ளிக்கொண்டே போகும். உணவு அனுப்புகிற செயலிகளில் சேர்ந்தால் அவர்களுடைய கழிவு 30 விழுக்காடு வரைகூடப் போகும். 5 வெள்ளியில் ஒன்றரை வெள்ளி வாசலிலேயே இறங்கிவிடுகிறது. இதற்கெல்லாம் முன்னால் வியாபாரப் பதிவு, உணவு கையாள்வோருக்கான வகுப்பு, டைபாய்டு ஊசி, நகராண்மை உரிமம். சுங்கை பூலோ என்று சொல்லப்படுகிற நிலமோ செலாயாங்குக்குக் கொஞ்சம், ஷா ஆலமுக்குக் கொஞ்சம், பெட்டாலிங் ஜெயாவுக்குக் கொஞ்சம். எந்த மன்றத்தின் படியேறுவது என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு தவணை முடிந்துவிடும்.

இவ்வளவு சொன்னதும் அண்ணன் மூன்று சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவார். முதல் சாட்சி மும்பை டப்பாவாலாக்கள். 1890இலிருந்து நடக்கிற தொழில், உலகமே மெச்சுகிறது, உண்மைதான். ஆனால் டப்பாவாலா சமைப்பதில்லை. பெரும்பாலும் சாப்பிடுகிறவர் வீட்டிலேயே கட்டிக் கொடுத்த சோற்றை, மாதக் கூலிக்குக் கொண்டு சேர்க்கிறார். மீந்துபோன சோறு அவர் கவலையல்ல. இரண்டாம் சாட்சி அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் சென்னையில் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டார்கள், போட முடிந்தது. ஏனென்றால் விழுந்த துண்டைத் தாங்க மாநகராட்சி பின்னால் நின்றது. அண்ணன் பின்னால் மச்சான் மட்டும்தான் நிற்கிறார். மூன்றாம் சாட்சி நம் ஊரிலேயே 2023 ஜனவரி இறுதியில் வந்த மெனு ரஹ்மா. 5 வெள்ளிக்குள் சோறு கொடுக்கலாம் என்று அது காட்டியது. ஆனால் கொடுத்தவர்கள் ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள். வாடகையையும் ஆள் கூலியையும் மற்ற தட்டுகள் சுமந்தன, சாப்பிடுகிறவரும் கடைக்கு நடந்து வந்தார். மூன்று சாட்சிகளும் சொல்வது ஒன்றுதான்: சமையல், சுமை, நஷ்டம் மூன்றையும் 5 வெள்ளிக்குள் ஒரே ஆள் தூக்கவில்லை. அண்ணன் மூன்றையும் தூக்குகிறேன் என்கிறார், அதுவும் சிரித்துக்கொண்டே.

"இப்படியே பேசினால் நம் ஆட்கள் எப்போதுதான் தொழிலில் இறங்குவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் தேடுகிறவர் ரசீதில் ஒரு வரியைப் பார்க்க வேண்டும்: "ஆள் கூலி: இல்லை, வீட்டு ஆளுங்கதான்." சிரிப்பு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. வீட்டு ஆளுங்க என்றால் அண்ணனின் மனைவி, நம் அக்கா. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து சோறு வடித்து, சம்பால் கிளறி, நூறு பெட்டியை மூடி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மத்தியானப் பொட்டலத்துக்கு வெங்காயம் உரிக்கிறவர். 2025இலிருந்து இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வெளியாள் ஒருவரை வைத்தால் கொடுத்தாக வேண்டிய தொகை அது. அதைக் கொடுக்காமல் விட்டதைத்தான் அண்ணன் லாபம் என்று எழுதி வைத்திருக்கிறார். பொட்டலத்துக்கு ஒரு வெள்ளி என்று அவர் சொல்வது தொழிலில் வந்த வெள்ளியல்ல. வீட்டில் எடுத்த வெள்ளி. அண்ணன் மாமாக் கடையில் உட்கார்ந்து செய்வது ஒரு பெருக்கல். எல்லாம் முடிந்த பிறகு விளக்குமாற்றோடு அடுப்படியில் அக்கா செய்வது இன்னொரு பெருக்கல். தொழில் நடப்பது இரண்டாவதால்.

இருந்தாலும் அவரை முழுதாக வெறுக்க முடிவதில்லை. பிள்ளைகள் பாவம் என்று சொல்லும்போது அவர் குரல் உண்மையிலேயே தழுதழுக்கும். மேகியே தின்று ஒரு பிள்ளை டாக்டராகிறது என்பதை அவரால் தாங்க முடியாது. அந்த மனசுக்கு ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. காலையில் சாலையோரம் குடை விரித்து நாசி லெமாக் விற்கிற பெண்கள் ரசீதைத் திருப்புவதில்லை. நேற்று மீந்தது எத்தனை என்று எண்ணுகிறார்கள், இன்று அத்தனையைக் குறைத்துக் கட்டுகிறார்கள். அண்ணனும் அப்படி 50 பொட்டலத்தில் தொடங்கலாம். அக்காவின் கூலியை முதல் வரியில் எழுதலாம். மிச்சம் இருந்தால் அதற்கு லாபம் என்று பெயர் வைக்கலாம். இதை எடுத்துச் சொன்னால் மறுக்க மாட்டார். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார், தலையாட்டுவார், ரசீதின் ஓரத்தில் மிச்சமிருக்கிற வெள்ளையில் 50 என்று அழகாக எழுதுவார். பிறகு பேனாவை எடுக்காமலே, "சரி தம்பி, ஒரு இடத்துக்கு அம்பது. இந்த மாதிரி 20 இடம்னு வச்சுக்குவோம், சும்மா கணக்குப் போட்டுப் பாரு" என்பார்.